பச்சைக் கடையில் வாங்கிய புத்தகங்கள்

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கூண்டில் நின்ற சமையல்காரியை ஒரு பார்வை பார்த்தார். தீர்ப்பைப் படிக்க வாயைத் திறந்தார்.

கண்டக்டரம்மா அடுத்த பக்கத்துக்காகப் பொத்தானை அழுத்தினார். திரை கறுத்து வெளுத்தது. நீதிபதியையும் காணோம், சமையல்காரியையும் காணோம். 'இந்த நூல் இனி உங்கள் கணக்கில் இல்லை. உங்கள் வசதிக்காக எங்கள் சேவையை மேம்படுத்தியிருக்கிறோம்' என்று இரண்டே வரி. பதற்றத்தோடு பின்னால் போய்ப் பார்த்தார். புத்தக அட்டைகள் வரிசையாக நிற்கும் பக்கம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"எவன்டா அவன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் டயாலிசிஸ் வார்டே திரும்பிப் பார்த்தது. ஊசி குத்தியிருந்த இடது கை தூக்கிப் போட, அவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மெஷினும் பக்கத்தில் நின்று கூவ ஆரம்பித்தது.

நர்ஸ் ஓடி வந்தாள். "கையை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஊசி நகர்ந்தா அப்புறம் நான்தான் பதில் சொல்லணும்."

"என் புத்தகத்தையெல்லாம் திருடிட்டாங்க சிஸ்டர்!"

"கையிலதானே வச்சிருக்கீங்க?"

"இது வெறும் டப்பா. உள்ள இருந்ததெல்லாம் போச்சு."

"போனாப் போகுது, உயிரை வச்சுக்குங்க" என்று நர்ஸ் மெஷினின் வாயை மூடிவிட்டுப் போனாள்.

கண்டக்டரம்மாவுக்கு அது பதிலாகப் படவில்லை. பாதி ஆயுளை டவுன் பஸ்ஸில் நின்றே கழித்தவர் அவர். முன் வாசலில் நின்று குரல் கொடுத்தால் பின் வாசலில் தொங்குகிறவன் உள்ளே வந்துவிடுவான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வேலையும் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் இந்த நாற்காலியில் நாலு மணி நேரம் சாய்ந்து கிடக்க வேண்டும். இடது கையை அசைக்கக் கூடாது. ஆரம்பத்தில் அச்சுப் புத்தகம் கொண்டுவந்து பார்த்தார். ஒரே கையால் பிடிக்கவும் வேண்டும், புரட்டவும் வேண்டும். மெல்லிசுப் புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். தடிப் புத்தகம் மூக்கில் விழும். கண்ணை மூடினால் டிப்போ ஞாபகம், திறந்தால் எதிர்ச் சுவர். பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அப்போதுதான் அவருடைய தம்பி இந்தக் கருவியை வாங்கி வந்தான். மின்புத்தகம் விற்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. வாடிக்கையாளர்களுக்குப் போகிற கடிதங்களும் அறிவிப்புகளும் எழுதுவான். கம்பெனிக்குப் பெரிய பெயர் இருந்தது. ஆனால் முத்திரை பச்சை நிறம் என்பதால் கண்டக்டரம்மாவுக்கு அது பச்சைக் கடை. கருவி உள்ளங்கை அகலம். விளிம்பில் நிஜமான பொத்தான் இருந்தது. பிடித்திருக்கிற கையின் கட்டைவிரலாலேயே பக்கம் தள்ளலாம். முதல் நாள் அவர் அழுத்தி அழுத்திப் பார்த்து, "டிக்கெட் மெஷின் மாதிரியே இருக்குடா" என்று சிரித்தார். கணக்குத் திறந்து, புத்தகம் வாங்கக் கற்றுக்கொடுத்து எல்லாம் செய்தது தம்பிதான். அதன் பிறகு பென்ஷன் வந்ததும் ஒரு புத்தகமாவது வாங்காமல் அவருக்கு மாதம் போனதில்லை. ஒன்றைக்கூட ஓசியில் இறக்கியதில்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவனைப் பிடித்தே பழகியவர்.

எதிர் நாற்காலியில் பேங்க்காரர். மேனேஜராக ரிட்டயர் ஆனவர். அவர் நீலக் கடை ஆள். எந்தப் பொருளையும் இன்னொரு பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"உங்களுது பழைய மாடல் கண்டக்டரம்மா. என்னுது கண்ணாடித் திரை, தொட்டா போதும். எங்க கடையில இருக்கிற புத்தகத்துல பாதிகூட உங்க கடையில கிடையாது."

"தொட்டா போதும்னா ஏன் சார் மூக்கால தொடுறீங்க?" என்பார் கண்டக்டரம்மா. ஒரு கையில் ஊசியும் மறு கையில் கருவியுமாகப் பேங்க்காரர் பக்கம் திருப்ப மூக்கைத்தான் கொண்டுபோவார். நர்ஸ்கள்கூடத் திரும்பி நின்று சிரிப்பார்கள்.

"ரெண்டு கடைக்கும் ஃபைல் வேற வேற. அதுல வாங்கினது இதுல திறக்காது, இதுல வாங்கினது அதுல திறக்காது. அதனால பெரிய கடையாப் பார்த்துச் சேரணும். அதான் புத்திசாலித்தனம்."

"நான் என்ன கட்சியிலயா சேர்றேன்? புத்தகம் படிக்கிறேன் சார்."

அந்தப் பேங்க்காரர்தான் இப்போது கழுத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதா? பச்சைக் கடையை எங்க நீலக் கடை வாங்கிடுச்சே. பேப்பர்லகூட வந்துது. போன மாசக் கடைசிக்குள்ள சம்மதம் கொடுத்தவங்க புத்தகத்தை மட்டும் மாத்திக் கொடுத்தாங்களாம். மெயில் வந்திருக்குமே?"

"எந்த மெயில்? எனக்கு ஒண்ணும் வரல."

"நான் அப்பவே சொன்னேன், பெரிய கடையா..."

"சார், வாயை மூடுறீங்களா?" மெஷின் மறுபடி கூவியது.

வீட்டுக்கு வந்ததும் படுக்கக்கூட இல்லை. நீலக் கடையின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது, இன்னொன்று இரண்டை அழுத்தச் சொன்னது. கடைசியில் வந்த பெண் மனுஷிதான், ஆனால் மெஷினை விட மோசம். "நீங்க வாங்கினது புத்தகம் இல்லைங்க, படிக்கிறதுக்கான அனுமதி. அந்த அனுமதி முடிஞ்சிடுச்சு" என்றாள்.

"வாங்கும்போது 'வாங்கு'ன்னுதானே பொத்தான்ல எழுதியிருந்துது? 'அனுமதி கேளு'ன்னா எழுதியிருந்துது?"

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"முதல்ல செஞ்ச உதவியே தாங்கல!"

லிஃப்ட் ரிப்பேர்க்காரரான அவருடைய கணவர் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து குரல் உயர்த்தாத மனிதர். "பிபி ஏறும், விடு. தம்பிகிட்ட கேட்டா தெரிஞ்சிடப் போகுது" என்றார்.

தம்பி மறுநாள் சாயங்காலமே வந்தான். கையில் புத்தம்புது அட்டைப் பெட்டி, அதன் மேல் நீல முத்திரை. கடை கைமாறியும் அவன் வேலை போகவில்லை; அதே நாற்காலி, முதலாளி மட்டும் புதுசு. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, "லேட்டஸ்ட் மாடல் அக்கா. ஸ்டாஃப்புக்குப் பாதி விலை" என்றான்.

கண்டக்டரம்மா பெட்டியைத் திறந்தார். முழுக்கக் கண்ணாடி. விளிம்பைத் தடவிப் பார்த்தார். பொத்தான் இல்லை.

"இதை நான் எந்த மூக்கால தள்ளுறது?"

தம்பிக்குப் புரியவில்லை. அவர் விளக்கவும் இல்லை. "கடையை விக்கப்போறாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அது... ஒரு ஆறு மாசமா. வெளியில சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க அக்கா."

"சரி, வித்த பிறகு? சம்மதம் கொடுங்கன்னு எல்லாருக்கும் மெயில் போச்சாமே. அதை எழுதினது யாரு?"

தம்பி பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். "நான்தான்."

"உங்கள் வசதிக்காகன்னு?"

"அது அவங்க சொன்ன வாசகம்."

"எல்லாருக்கும் போன மெயில் எனக்கு ஏன்டா வரல?"

கணவர் சமையலறை வாசலில் துடைப்புத் துணியோடு நின்றுவிட்டார்.

"உனக்குக் கணக்குத் திறக்கும்போது மெயில் முகவரி கேட்டுது. உனக்கு மெயில் கிடையாது. நானே ஒண்ணு புதுசா உண்டாக்கிப் போட்டேன். பாஸ்வேர்டு என்கிட்டதான் இருந்துது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "மறந்துட்டேன் அக்கா. நேத்து மாமா போன் பண்ணதும் திறந்து பார்த்தேன். நாலு மெயில் இருக்கு. நாலும் நான் எழுதினது."

கண்டக்டரம்மாவுக்கு உச்சந்தலையில் ஏறிய சூடு காது வழியே இறங்கியது. அந்நியன் ஏமாற்றினால் திட்டித் தீர்க்கலாம். கூடப் பிறந்தவன், கடிதத்தை எழுதியவனும் அவன், பெற்றுக்கொண்டு திறக்காதவனும் அவன். எங்கிருந்து திட்ட ஆரம்பிப்பது?

"ஊருக்கெல்லாம் எழுதினியே, ஒரு வாய் வார்த்தை என்கிட்ட சொல்ல நாக்குக்கு என்ன கேடு வந்துது உனக்கு? வாரா வாரம் வந்து என் வீட்டுல காபி குடிச்சிட்டுத்தானே போனே? காபி டம்ளரைக் கழுவி வச்சவகிட்ட சொல்ல முடியல, முன்னப் பின்னத் தெரியாதவனுக்கு 'அன்புள்ள வாசகரே'யா?"

"எல்லாம் ஒரு நூறு புத்தகம் இருக்குமா? நான் வாங்கித் தர்றேன் அக்கா. காசு நான் கொடுக்கிறேன்."

"காசைப் பத்தி இப்ப யாரு பேசினா? எங்க பஸ் கம்பெனியை இன்னொருத்தன் வாங்கினப்ப என்ன நடந்துது, ஞாபகம் இருக்கா? பழைய பாஸ் செல்லாது, எல்லாரையும் இறக்கி விடுங்கன்னான் புது முதலாளி. நான் ஒருத்தரையாவது இறக்கினேனா? மெமோ வாங்கினேன், சஸ்பெண்ட் ஆனேன். அந்த பாஸ்லதானே நீ காலேஜ் போனே!"

தம்பிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீ சஸ்பெண்ட் ஆனா சோறு போட மாமா இருந்தார். எனக்கு வேலை போனா யாரு இருக்கா? பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், வீட்டு லோன் கட்டணும். எல்லாரும் உன்னை மாதிரிக் கத்திக்கிட்டே வாழ முடியாது."

"பெட்டியை எடு."

"அக்கா..."

"பெட்டியை எடுத்துக்கிட்டு கிளம்பு. இல்லைன்னா அதுவும் ஜன்னல் வழியா இறங்கும், நீயும் இறங்குவே."

டயாலிசிஸ் இல்லாத நாள் ஒன்றில் கண்டக்டரம்மா இஸ்திரி போட்ட புடவை கட்டி, தோளில் பையை மாட்டிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்த கணவரையும் இழுத்துக்கொண்டு நீலக் கடையின் ஷோரூமுக்குப் போனார். பெரிய சாலையில் கண்ணாடிக் கட்டடம். மாடியில் ஆபீஸ், கீழே விற்பனை. நீள மேஜையில் கருவிகளைக் கம்பியால் கட்டிப் போட்டிருந்தார்கள். நாலைந்து பேர் ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விற்பனைப் பெண் சிரித்தபடி வந்தாள். கண்டக்டரம்மா அவளைத் திட்டவில்லை. "உன்மேல கோபமில்லம்மா. மேனேஜரைக் கூப்பிடு" என்றார்.

மேனேஜர் வந்தான். சின்ன வயசு, நல்ல மரியாதை. கண்டக்டரம்மாவை உட்கார வைத்து, பழைய கருவியை வாங்கிப் பார்த்து, உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பினான். தணிந்த குரலில், "உங்க உடல்நிலையைப் பார்த்து, உங்களுக்கு மட்டும் விதிவிலக்கா எல்லாப் புத்தகத்தையும் திருப்பித் தரச் சொல்லிட்டாங்க மேடம். இதுல ஒரு கையெழுத்துப் போடணும். இதைப் பத்தி வெளியில யார்கிட்டயும் பேச மாட்டேன்னு. அவ்வளவுதான்" என்றான்.

கையெழுத்துப் போட்டால், சமையல்காரிக்கு என்ன தீர்ப்பு என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கண்டக்டரம்மாவின் விரல் பேனாவைத் தொட்டது நிஜம்.

"மத்தவங்களுக்கு?" என்று கேட்டார்.

"அவங்க யாரும் வந்து கேட்கலையே மேடம்."

அந்த வார்த்தை போதும். பேனாவை உருட்டிவிட்டு எழுந்தார். இத்தனை நாள் நோயில் படுத்திருந்த குரல், பழைய பஸ்ஸின் முன் வாசலில் ஏறி நின்றுகொண்டது.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க! பச்சைக் கடையில புத்தகம் வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா இப்பவே உங்க அலமாரியைத் திறந்து பாருங்க! காசு கொடுத்து வாங்கின புத்தகமெல்லாம் இருக்கா, காலியாயிடுச்சான்னு பாருங்க!"

"மேடம், ப்ளீஸ்" என்றான் மேனேஜர். காவலாளி நெருங்கி வந்தார். கண்டக்டரம்மாவின் கணவர், வாழ்க்கையில் முதல் முறையாக, அந்தக் காவலாளியின் குறுக்கே போய் நின்றார். நின்றார், அவ்வளவுதான்.

இதற்குள் யாரோ மாடிக்குச் சொல்லி, தம்பி வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தான். அக்காவின் முழங்கையைப் பிடித்தான். "மானத்தை வாங்காத அக்கா. எல்லாரும் பார்க்கிறாங்க. வா, வெளியில போய்ப் பேசலாம்."

அவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். கையெழுத்து கேட்டவன்மேல் வராத ஆத்திரம் அப்போது வந்தது. "தொடாதடா" என்றார். அந்த ஒரு சொல்லைத்தான் அவர் மெதுவாகச் சொன்னார்.

மேஜையின் கோடியில் நின்ற வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி, "ஏய், எனக்கும் காணோமே! பொண்ணுக்கு வாங்கின பாடப் புத்தகமெல்லாம் இதுலதானே இருந்துது!" என்று அலறினார். அடுத்து ஒரு பெண். அவருடன் வந்த இன்னொரு பெண். மேனேஜரைச் சுற்றி ஆள் கூடியது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மரியாதையாகப் பதில் சொல்ல அவனுக்கு வரவில்லை. கண்டக்டரம்மா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். படியில் பின்தொடர்ந்த தம்பியிடம், "இனிமே என் வீட்டு வாசப்படி ஏறாத" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அந்த வழுக்கைத் தலைக்காரர் லேசுப்பட்டவர் அல்ல போலிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ், பத்திரிகைச் செய்தி என்று விவகாரம் வளர்ந்து, நீலக் கடை இறங்கி வந்தது. சம்மதம் கொடுக்க மறுபடியும் வாசலைத் திறந்துவிட்டார்கள். எல்லாருடைய புத்தகமும் திரும்பக் கிடைத்தது. ஆனால் நீலக் கடை ஃபைலாக. பழைய கருவியில் அது திறக்காது. புதுக் கருவி வாங்க வேண்டும், பொத்தான் இல்லாத கருவி.

"ஜெயிச்சிட்டீங்களே கண்டக்டரம்மா!" என்றார் பேங்க்காரர்.

"என்னத்த ஜெயிச்சேன்? சோத்தைக் கொடுத்துட்டுக் கையை வெட்டிட்டாங்க."

இரண்டு மூன்று தடவையாகப் பேங்க்காரர் வழக்கத்தைவிட அமைதியாகவே வந்து போனார். பிறகு ஒரு நாள், ஊசி குத்தும் முன்பே கண்டக்டரம்மாவின் நாற்காலிக்கு நடந்து வந்து நின்றார். "தேடிப் பார்த்தேன். ஒரு சின்னக் கடை இருக்கு. பூட்டுப் போடாம விக்கிறாங்க. அவங்க ஃபைல் எந்தக் கருவியிலயும் திறக்கும், உங்க டப்பாவிலயும். ஒரு தடவை இறக்கிட்டா அவங்களே நினைச்சாலும் திருப்பி எடுக்க முடியாது. புத்தகம் கொஞ்சம்தான் இருக்கு. ஆனா அந்தச் சமையல்காரி நாவல் இருக்கு."

"அதுக்கு மறுபடி காசு கொடுக்கணுமா?"

"கொடுக்கணும்."

"ஒரே புத்தகத்துக்கு ரெண்டு டிக்கெட்!" பல்லைக் கடித்தார். சின்னக் கடைக்காரன் என்ன தப்புச் செய்தான் என்றும் தோன்றியது. திட்டிக்கொண்டே வாங்கினார். பேங்க்காரர் தன் போனிலிருந்து கம்பி வழியாக ஏற்றிக் கொடுத்தார். அன்றைக்கே நீதிபதி தீர்ப்பைப் படித்து முடித்தார். சமையல்காரிக்கு விடுதலை. கண்டக்டரம்மாவுக்குத் தீர்ப்பில் திருப்தியில்லை; கொலையை அவள்தான் செய்தாள் என்று அவர் கடைசிவரை நம்பினார். அதை வார்டு முழுக்க விளக்கினார். கதை முடிவைச் சொல்லிவிட்டாரே என்று ஒரு நர்ஸ் கோபித்துக்கொண்டாள்.

தம்பி தினமும் மாமாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தான். கண்டக்டரம்மா பேசவில்லை. கம்பெனி சார்பில் வாசகர்களுக்கு அனுப்ப அவன் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தில் 'தவறு எங்களுடையது' என்ற வரியை மேலிடம் அடித்துவிட்டதாகவும், அதற்காக அவன் சண்டை போட்டதாகவும் கணவர் சொல்லிப் பார்த்தார். "அடிச்ச பிறகு அனுப்பினானா இல்லையா?" என்று கேட்டார் கண்டக்டரம்மா. அனுப்பினான். "அப்புறம் என்ன."

ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தபோது கணவர் நிற்க வேண்டிய இடத்தில் தம்பி நின்றான். எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதில் மாமாவால் வர முடியவில்லையாம். ரத்தம் சுத்தமான உடம்பு எப்போதும் போல உளுத்த கட்டையாக இருந்தது. கால் ஒரு பக்கம் போயிற்று, உடம்பு ஒரு பக்கம் போயிற்று. அவன் கையை நீட்டினான். கண்டக்டரம்மா சுவரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் அவன் கையைப் பிடித்தார்.

"பிடிச்சிட்டேன்கிறதுக்காக மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத."

"நினைக்கல அக்கா."

"வீட்டு வாசல் வரைக்கும்தான்."

"சரி அக்கா."

"நாலு மெயிலாம் நாலு மெயில். ஒண்ணையாவது திறந்தானா..." என்று தொடங்கியவர், பஸ் ஏறி, உட்கார்ந்து, இறங்குகிற வரைக்கும் நிறுத்தவில்லை. முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி இந்த முறை யார் பார்க்கிறார்கள் என்று கவனிக்கவில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபடியே வந்தான்.